குழாய் நீர்: மாற்றமில்லை

உக்காருங்க, உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன், ரெண்டு பேருக்குத் தாராளமா எடம் இருக்குது. நீங்க எதுவரைக்குமுங்க? கடைசி ஸ்டாப்பா? நான் பட்டறைப்பிரிவுல எறங்கோணும். இன்னும் முக்கா மணி நேரம் கெடக்குது. பேசிக்கிட்டே போலாம். பேசலீன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும் இன்னிக்கு.

மெதுவாப் பேசோணுங்களா? எதுக்குங்க? என்ற தொண்டையே இப்புடித்தான். முப்பத்தொரு வருஷம் சயின்ஸ் எடுத்த தொண்டை. அறுபது பிள்ளைங்க இருக்கற கிளாஸ்ல கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கோணும். இந்த பஸ்ஸுலயும் கேக்கோணுங்கறவிங்களுக்குக் கேக்கட்டும். நான் என்ன திருட்டுப் பேச்சா பேசறேன்?

என்ற பேரு வசந்தாமணி. எங்க பக்கம் வந்து ரெக்கார்டு டீச்சர்னு கேட்டீங்கன்னா போதும், வீட்டுக்கே கூட்டிட்டு வந்து விட்டுருவாங்க. ரெக்கார்டுன்னா தெரியுமில்லீங்க? சயின்ஸ்ல சோதனை பண்ணிப்போட்டு எழுதற நோட்டு. ஒரு பக்கம் படம். இன்னொரு பக்கம் நோக்கம், செய்முறை, கண்டது, முடிவு. எங்க ஸ்கூல் ரெக்கார்டு மாதிரி சுத்தமான ரெக்கார்டு சுத்துவட்டாரத்துலயே இல்லைன்னு ஆய்வுக்கு வந்த அதிகாரிங்க வாயாலயே சொல்லியிருக்காங்க. அடித்தல் திருத்தல் ஒண்ணு இருக்காது. மார்ஜின் நூல் புடிச்ச மாதிரி இருக்கும்.

எப்புடின்னா, நானே என்ற கையெழுத்துல மாதிரி ரெக்கார்டு ஒண்ணு எழுதி வெச்சிருக்கறேன். ஜூன் மாசம் அதை கிளாஸுல குடுத்துருவேன். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பார்த்து எழுதி முடிச்சுருவாங்க. கையெழுத்தும் போட்டுருவேன். சோதனை அப்பறம், நேரம் கெடைக்கறப்ப. சிரிக்கறீங்களே! நீங்க படிச்ச ஸ்கூல்ல மட்டும் எப்புடியாமா? அக்காவோட ரெக்கார்டைப் பார்த்துத்தானே எழுதினீங்க? பார்த்தீங்களா, தலையாட்டறீங்க. ஊரே பண்ற வேலை, மாட்டினது நானு ஒருத்தி.

சரி, விசயத்துக்கு வாரேன். எட்டாங்கிளாஸுல ஒரு சோதனை இருக்குது. காகிதத்துல மஞ்சளைப் பூசிக் காயவெச்சு, ஒவ்வொண்ணுலயும் நனைக்கோணும். எலுமிச்சைச் சாறுல மஞ்சள் மஞ்சளாவே இருக்கும். சோப்புத் தண்ணியில செகப்பாயிரும். ஏன்னா சோப்புல காரம் இருக்குது. இதுக்கு டீச்சரே வேண்டாங்க, வெள்ளைத் துணியில சாம்பாரைக் கொட்டிட்டு சோப்புப் போட்டுத் தேய்ச்ச எந்தப் பொம்பளைக்கும் தெரியும். அட்டவணையில கடைசி வரி குழாய் நீர். அதுக்கு நேரா என்ற மாதிரி ரெக்கார்டுல ‘மாற்றமில்லை’ன்னு போட்டிருக்கும். புஸ்தகத்துல அப்புடித்தானுங்க இருக்குது. நல்ல தண்ணி மஞ்சளை ஒண்ணும் பண்ணக்கூடாது.

இந்த வருஷம் ஒரு பிள்ளை அதை மாத்தி எழுதிப்போட்டா.

புத்திசாலிப் பிள்ளைன்னு நெனைச்சுக்காதீங்க. சௌபர்ணிகான்னு பேரு. அவளோட பேரை அவளே நாலு விதமா எழுதுவா. மாதிரி ரெக்கார்டு கிளாஸுல சுத்தி வந்தப்ப பத்து நாள் ஸ்கூலுக்கு வரல. கையில முழங்கை வரைக்கும் சொறி. அது வெயில் சூட்டுக்கு வர்றதுங்க. அதனால இவளுக்குப் பார்த்து எழுத வழியில்லாமப் போச்சு. என்ன பண்ணியிருக்கறா? வீட்டுல மஞ்சளைக் குழைச்சு, காகிதம் பண்ணிக் கொண்டாந்து, ஸ்கூல் குழாயைத் தொறந்து நனைச்சுப் பார்த்து, கண்ணால பார்த்ததை எழுதியிருக்கறா. ‘குலாய் தண்ணி செகப்பு ஆச்சு.’ ரெண்டு எழுத்துப்பிழை!

நான் செகப்பு மையில சுழிச்சு, ‘தவறு, திரும்ப எழுது’ன்னு போட்டேன். திரும்ப அதையே எழுதிட்டு வந்தா. இந்தத் தடவை ‘குழாய்’ சரியா எழுதியிருந்தா, செகப்பு மட்டும் அப்புடியே இருந்துச்சு. மறுபடி சுழிச்சேன். மூணாவது தடவையும் அதே. ‘ஏன்டி, மாற்றமில்லைன்னு எழுதறதுக்கு என்ன கேடு’ன்னு கேட்டேன். ‘மாறுச்சுங்க மிஸ்’ங்கறா. எதுத்துப் பேசற மாதிரியும் இல்ல. பஸ் வந்துருச்சுன்னு சொல்ற மாதிரி சொல்றா. நான் அந்த நோட்டைத் தூக்கி டெஸ்க்குல வீசிட்டேன். வீசியிருக்கக் கூடாதுதான்.

அங்க புடிச்சதுங்க வினை.

அவங்கம்மா பூங்கோதை. பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கறா. தெச்சு வர்ற பனியனை வெளிச்சத்துல விரிச்சுப் பார்த்து, கறை இருந்தா எடுத்துப் போடற வேலை. நாள் பூரா கறையைப் பார்க்கற கண்ணுங்க அது. அந்த மாசம் பெத்தவங்க கூட்டத்துக்கு வந்தா. வந்தவ சும்மா வரல. வெள்ளைக் கட்பீஸ் துணி ரெண்டை மஞ்சள்ல நனைச்சுக் காயவெச்சு எடுத்தாந்திருக்கறா. எல்லாரும் இருக்கறாங்க, தலைமையாசிரியரு, அதாங்க எங்க ஹெச்செம், அவரும் இருக்கறாரு. ‘டீச்சர், உங்க தண்ணி பாட்டிலைச் சித்த குடுங்க’ன்னா. தாகமாக்கும்னு குடுத்தேன். நான் குடிக்கற பாட்டில்ல அந்தத் துணியில ஒண்ணை உட்டு முக்கிப்போட்டா! அது மஞ்சளாவே இருந்துச்சு. இன்னொண்ணைக் குழாயடிக்குக் கொண்டுபோய் முக்கினா. செங்கல் கலருல வந்துச்சு. ரெண்டையும் எல்லாருக்கும் நேரா தூக்கிக் காட்டினா. என்ற பாட்டிலை மூடி எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டா.

என்ற பாட்டில்ல என்ன தண்ணின்னா கேக்கறீங்க? கேன் தண்ணிங்க. எனக்குக் கல்லடைப்பு. டாக்டர் குழாய்த் தண்ணி குடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. அதென்ன குத்தமா?

அப்பறம் என்ன, எங்க ஊரு பொம்பளைங்க பூரா கட்பீஸை மஞ்சள்ல நனைக்க ஆரம்பிச்சுட்டாங்க. எங்கூருல சோத்துக்குப் பஞ்சம் வந்தாலும் கட்பீஸுக்குப் பஞ்சம் வராது. சாயப்பட்டறைக்கிட்ட இருக்கற போர்க்கெணறு எல்லாத்துலயும் செகப்பு. தள்ளிப் போகப் போக மஞ்சள். கலெக்டர் ஆபீஸுல மனுக் குடுத்தாங்க. விசாரணைக்கு ஒரு அம்மா அதிகாரியைப் போட்டாங்க. சின்ன வயசுதான், கண்ணாடி போட்டிருக்கறாங்க. அதுக்குத்தானுங்க இன்னிக்குப் போயிட்டு வாரேன்.

ஆமா, பட்டறை எங்க ஸ்கூல் காம்பவுண்டுக்கு அக்கட்டதான் இருக்குது. நாச்சிமுத்துங்கறவரோடது. கெட்ட மனுசன்னு நான் சொல்ல மாட்டேன். எங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்தாரு. ஆண்டு விழாவுக்கு வந்தா எனக்கு எந்திரிச்சு நின்னு கும்பிடு போடுவாரு. பட்டறை வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. அவரு வக்கீல் என்ன சொல்றாருன்னா, ‘தண்ணி கெட்டுப்போனது இந்த வருஷந்தான். மழையில்லை, போர் வத்திப்போச்சு, அடித்தண்ணி அப்புடித்தான் இருக்கும். ஒம்பது வருஷமா எங்க பட்டறை ஓடுது. எங்களால கெட்டிருந்தா அப்பவே கெட்டிருக்கோணுமில்ல?’ அதுக்குச் சாட்சி என்ன தெரியுங்களா? என்ற ரெக்கார்டு!

வருஷத்துக்கு ஒரு நல்ல ரெக்கார்டை எடுத்து ஸ்கூல் பீரோவுல வெச்சிருவேன், ஆய்வுக்கு வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு. பட்டறை வந்ததுக்கப்பறம் சேர்ந்த ஒம்பதையும் ஹெச்செம் எடுத்து வக்கீல் கையில குடுத்துட்டாரு. ஒம்பதுலயும் ‘குழாய் நீர்: மாற்றமில்லை.’ கீழ வசந்தாமணி, தேதியோட. மஞ்சள் காகிதம் காரம் இருக்குதா இல்லையான்னுதான் சொல்லுமுங்க. எத்தனை வருஷமா இருக்குதுன்னு அது சொல்லாது. அதைப் பார்த்தவங்கதான் சொல்லோணும். பார்த்து எழுதினவ நானு. அப்புடின்னு அவிங்க நெனைச்சாங்க.

ஹெச்செம் முந்தாநேத்து கூப்பிட்டு உக்கார வெச்சாரு. ‘டீச்சர், மே மாசம் ரிட்டயர்டு ஆகறீங்க. போய் ஆமா என்ற கையெழுத்துத்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வந்துருங்க. பார்க்காம எழுதினதுன்னு சொன்னீங்கன்னா பென்ஷன் நின்னுரும், நல்லாசிரியர்னு குடுத்த பட்டத்தையும் புடுங்கிருவாங்க’ன்னாரு. பயமுறுத்தறாராமா. நான் சொன்னேன், ‘சார், எனக்கு என்ன சொல்லோணும்னு நீங்க மாதிரி ரெக்கார்டு எழுதித் தர வேண்டாம்.’ மூஞ்சி செத்துப்போச்சு மனுசனுக்கு.

இன்னிக்குச் சொன்னனுங்க. எந்திரிச்சு நின்னு சொன்னேன். ‘இந்த ஒம்பது ரெக்கார்டும் சோதனை பண்ணி எழுதினதில்லை. நான் எழுதிக் குடுத்ததைப் பிள்ளைங்க பார்த்து எழுதினது. கையெழுத்து மட்டுந்தான் நெசம்.’ வக்கீலுக்கு முகத்துல ஈயாடலை. அந்த அம்மா அதிகாரி பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையப் பார்த்தாங்க. நாச்சிமுத்து தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. என்ற முப்பத்தொரு வருஷப் பேரைத் தூக்கிக் குப்பையில போட்டேனுங்க, எங்க ஊருப் பிள்ளைங்களுக்காக! வேற யாரு பண்ணுவா, சொல்லுங்க?

அதுக்கு எனக்குக் கெடைச்ச மரியாதையைக் கேளுங்க.

அந்த வக்கீல் மறுபடி எந்திரிச்சாரு. ‘சரிங்க டீச்சர். பார்க்காம எழுதினீங்க, ஒத்துக்கறேன். அப்ப அந்த ஒம்பது வருஷமும் தண்ணி செகப்பாச்சா, மஞ்சளாவே இருந்துச்சா, உங்களுக்குத் தெரியாது. அப்புடித்தானுங்களே?’

‘தெரியாதுங்க, பார்க்கலீங்க’ன்னேன்.

‘அவ்வளவுதாங்க’ன்னு உக்காந்துட்டாரு. அந்த ஆளு மூஞ்சியில மறுபடி வெளிச்சம் வந்துருச்சு. அந்த அம்மா அதிகாரி எழுதிக்கிட்டே, தலையைத் தூக்காமக் கேட்டாங்க: ‘டீச்சர், நீங்க ஸ்கூல்ல என்ன தண்ணி குடிப்பீங்க?’

அதென்ன கேள்விங்க! உண்மையைச் சொல்ல வந்தவகிட்ட கேக்கற கேள்வியா அது? ‘கேன் தண்ணிங்க, கல்லடைப்பு, டாக்டர் சொன்னாரு’ன்னேன். ‘எத்தனை வருஷமா?’ன்னாங்க. ‘ஞாபகமில்லைங்க’ன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. வியாழக்கிழமை மறுபடி உக்கார்றாங்களாம். யாராச்சும் முன்னாடி வருஷங்கள்ல பார்த்தவங்க இருந்தா வந்து சொல்லலாமாம். இல்லாட்டி, ‘இந்த வருஷம் மட்டும் ஏற்பட்ட மாற்றம்’னு முடிச்சுருவாங்க போல. பட்டறை பாட்டுக்கு ஓடும். பிள்ளைங்க பாட்டுக்குக் குடிக்கும்.

வெளிய வந்தா, பூங்கோதை படியில நின்னுக்கிட்டிருந்தா. ஒரு நன்றி சொல்லுவான்னு பார்த்தேன். நன்றி வேண்டாம், ‘வாங்க டீச்சர், ஒரு டீ குடிக்கலாம்’னாச்சும் சொல்லலாமில்லீங்க? என்னையப் பார்த்தா. அந்தச் செக்கிங் கண்ணால மேலருந்து கீழ வரைக்கும் பார்த்தா. போயிட்டா. உங்களுக்குத் தெரியாதுங்க, அவளும் இந்த பஸ்ஸுலதான் இருக்கறா. முன்னாடி மூணாவது சீட்டு, பச்சைச் சேலை. பார்க்காதீங்க! கேட்டா கேக்கட்டும். கேக்கோணும்னுதான் பேசறேன். நான் செஞ்சதைவிட ஒருத்தி வேற என்ன செஞ்சிரோணும் இவளுக்கு?

என்னங்க? நீங்களும் அதையே கேக்கறீங்களா?

பார்த்தேனா பார்க்கலையான்னா... எப்புடிங்க ஞாபகம் இருக்கும்? வருஷத்துக்கு அறுபது பிள்ளைங்க, சோதனை பன்னெண்டு. அவ்வப்ப ஒண்ணு ரெண்டு பிள்ளைங்க வந்து ‘மிஸ், குழாய்த் தண்ணியிலயும் செகப்பாவுது’ன்னு சொல்லுமுங்க. சொல்லாதுன்னு சொல்லலை. பிள்ளைங்கன்னா ஏதாச்சும் சொல்லும். நான் என்ன பொய்யா சொன்னேன்? ‘டம்ளர்ல சோப்பு ஒட்டியிருக்கும், நல்லாக் கழுவிட்டு வா’ன்னேன். கழுவிட்டு வந்து மறுபடி ‘செகப்புத்தான் மிஸ்’ங்கும். மறுபடி கழுவுன்னேன். எதுல கழுவுச்சுன்னா கேக்கறீங்க? குழாயிலதான். வேற எங்க போகும்?

அதுக்கப்பறம் நானே ஒரு வழி பண்ணிட்டேன். அந்தச் சோதனைக்கு மட்டும் என்ற பாட்டில்ல இருந்து ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்துருவேன். ‘குழாய் நீர்’னு சீட்டு ஒட்டி வெச்சுருவேன். மஞ்சள் மஞ்சளாவே இருக்கும். ரெக்கார்டும் சோதனையும் ஒத்துப்போயிரும். பாடம் நடக்கோணுமில்லீங்களா? சோதனை தப்பா வந்தா பிள்ளைங்களுக்குப் பாடம் மேல நம்பிக்கை போயிரும்.

ஏன் அப்புடிப் பார்க்கறீங்க? நீங்களும் அவளை மாதிரியே பார்க்கறீங்களே!

நான் யார்கிட்டப் போய்ச் சொல்லியிருக்கோணும்? அன்னிக்கு யாரு கேட்டா? நான் சயின்ஸ் டீச்சருங்க, பஞ்சாயத்துத் தலைவர் இல்ல. ஸ்டாஃப் ரூமுல பத்துப் பேரு இருந்தோம், பத்துப் பேரும் வீட்டுலருந்து பாட்டில் கொண்டாந்தோம். ஒருத்தரும் ஒருத்தரை ஏன்னு கேட்டதில்ல. பத்துப் பேருக்கும் கல்லடைப்பான்னு கேக்காதீங்க. எனக்குக் கோவம் வந்துரும். பெல் அடிச்சா நாங்க பாட்டிலைத் தொறப்போம், பிள்ளைங்க குழாயடிக்கு ஓடும். அப்புடியே ஒரு பழக்கமாப் போச்சுங்க. பழகிப்போனா கண்ணுல படாது.

படாதுன்னா, பட்டுது. பட்டும் படாம.

வியாழக்கிழமை போய், பார்த்தேன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுங்களா? பார்க்காம எழுதினவளுக்கு ஒரு மன்னிப்பு இருக்குது. சோம்பேறின்னு திட்டுவாங்க, போயிரும். பார்த்துட்டு மாத்தி எழுதினவளுக்கு? கேன் தண்ணியை ஊத்திக் குழாய்த் தண்ணின்னு சீட்டு ஒட்டினவளுக்கு? என்ற புருசன் முகத்துல எப்புடி முழிப்பேன்? பேரன் அந்த ஸ்கூல்லயா படிக்கறான், இல்லையே, அவன் டவுனுல படிக்கறான். அதையும் கேப்பாங்க. அந்தக் கண்ணாடிக்காரம்மா ஒண்ணையும் விட மாட்டாங்க. தலையைத் தூக்காமக் கேப்பாங்க.

கேக்கட்டும். கேட்டா என்ன? எனக்கு என்ன பயமா? ஹெச்செம்முக்கே பயப்படாதவ நானு.

அந்தச் சொறி புடிச்ச பிள்ளை மூணு தடவை எழுதினாளுங்க. மூணு தடவை. நான் நோட்டை வீசினேன், குனிஞ்சு எடுத்துத் தூசியைத் தட்டிட்டு, ‘மாறுச்சுங்க மிஸ்’னா. அவளுக்குக் கையெழுத்தும் நல்லால்ல, கணக்கும் வராது. அவ பண்ணினதை இத்தனை படிச்ச நான் ஒரு தடவை பண்ணியிருக்கோணும். எனக்கு வெக்கமா இருக்குதுங்க. சத்தமாத்தான் சொல்றேன், வெக்கமா இருக்குது.

பட்டறைப்பிரிவு வந்துருச்சு. கண்டக்டர், நிறுத்துங்க, ஆளு எறங்கோணும்! காலைச் சித்த ஒதுக்குங்க. அவளும் எந்திரிச்சுட்டா, பாருங்க. திரும்பியே பார்க்காமப் போறா. விடுங்க, நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க. உங்ககிட்டப் பேசினது போதும்.

பூங்கோதை! ஏய் பூங்கோதை, நில்லு அம்மிணி. நான் பேசினது பூரா உனக்குக் கேட்டிருக்கும். அதுல ஒண்ணு பொய். எனக்குக் கல்லடைப்புமில்ல, ஒண்ணுமில்ல, எந்த டாக்டரும் ஒண்ணுஞ் சொல்லல. காகிதம் மொதல் தடவை செகப்பானதைப் பார்த்த அன்னிக்குச் சாயங்காலமே நான் கேன் வாங்க ஆரம்பிச்சுட்டேன். ஒம்பது வருஷம் ஆச்சு, ஞாபகம் இருக்குது. வியாழக்கிழமை எத்தனை மணிக்குப் போறே? என்னையும் கூட்டிட்டுப் போ.